கிணற்றின் மேற்கு வெடிப்பு

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கல்யாணத்துக்கு முன்பு எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அண்ணன்தான் விளக்கம் சொன்னார். "வடக்க, எண்ணெய்க் கெணறு தோண்டற எடத்துலீங்க. பாறைக்குள்ள ஆசிட்ட உட்டா அது எந்தப் பக்கம் போகும், எத்தன தூரம் போகும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்றதுதானுங்க தம்பிக்கு வேல." எங்கள் அப்பா இதைக் கேட்டுவிட்டுத் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். "ஏனுங்க, கண்ணுக்குத் தெரியாத எடத்துல உட்டுப்போட்டு, அது போற வழிய மேல உக்காந்துட்டு எப்படீங்க சொல்றது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அது சிரிப்பதற்கான கேள்வி இல்லை என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

கல்யாணமாகி குஜராத்துக்குப் போன பிறகு எனக்கே அந்த வேலை பழகிவிட்டது. பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போல நிற்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். பாறையில் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடுமாம். எண்ணெய் அதற்குள் முடங்கிக் கிடக்குமாம். சில பாறைகளில் சுண்ணாம்பு இருக்கும். அங்கே ஆசிட்டை அழுத்தி உள்ளே செலுத்தினால் அது சுண்ணாம்பைக் கரைத்து வெடிப்பை அகலமாக்கும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். எவ்வளவு ஆசிட், எவ்வளவு வேகத்தில் என்பதுதான் இவர் போட்ட கணக்கு. மெதுவாக விட்டால் வாயிலேயே எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஆசிட் செத்துப்போகும். அவசரமாக விட்டால் ஒன்றையும் தின்னாமல் தூரமாக ஓடிவிடும். "இலையில் ரசம் ஊற்றுகிற மாதிரிதானே?" என்று ஒருநாள் கேட்டேன். இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் ஆபீசில் போய் இதையே சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டார் என்பது என் சந்தேகம்.

வீட்டிலும் அதே ஆராய்ச்சிதான். சன்னல் கண்ணாடி இரண்டை எடுத்து, நடுவில் சுண்ணாம்புக் குழம்பை மெல்லிசாகப் பூசிக் காயவைப்பார். ஊசியால் அதில் கோடுகள் கீறுவார். அவைதான் வெடிப்புகள். கண்ணாடிகளைச் சேர்த்துக் கவ்விகள் போட்டு, ஓரமெல்லாம் மெழுகு வைத்து அடைத்து, மேலிருந்து நீலச் சாயம் கலந்த ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார். முதலில் எல்லாக் கோடுகளிலும் நீலம் இறங்கும். பிறகு ஏதோ ஒரு கோடு மட்டும் கொஞ்சம் அகலமாகும். அகலமானதும் மீதி ஆசிட் முழுக்க அங்கேயே போகும். மற்ற கோடுகள் அப்படியே நின்றுவிடும். "ஆசிட் சோம்பேறி. திறந்த வழி ஒண்ணு கெடச்சுட்டா வேற வழியத் தேடாது" என்பார். குழந்தை இல்லாத வீட்டில் அந்தக் கண்ணாடியைத்தான் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவை நல்ல நாட்கள். அதை இப்போது சொல்லிவிடுவதுதான் நியாயம்.

பிறகு இவருக்கு நெஞ்சு கெட்டது. ஆசிட் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்ததுதான் காரணம் என்று ஒரு டாக்டர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். யார் சொன்னது சரியாக இருந்தாலும் இருமல் இவருடையது. வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்கே வந்துவிட்டோம். இவருடைய அண்ணன் ஆற்றங்கரையில் சலவைப் பட்டறை வைத்திருந்தார். பனியன் துணியை வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் தொட்டியில் போட்டு, அப்புறம் ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்து அலசி வெளுப்பாக்குகிற பட்டறை. எந்தத் தொட்டியில் எவ்வளவு கலப்பது என்று பார்த்துக்கொள்ளும் வேலையைத் தம்பிக்குக் கொடுத்தார். ஆசிட்டால் நெஞ்சு கெட்டவருக்கு மறுபடியும் ஆசிட்டிலேயே வேலை. நான் கத்தினேன். "அதனால என்ன, இங்க காத்தோட்டமா இருக்குதல்ல" என்று இவர் என் வாயை அடைத்தார்.

எங்கள் ஊர் குன்னத்தூர்ப் பக்கம். அதற்குள் அய்யன் இறந்துபோயிருந்தார். தோட்டத்தை என் தம்பி பார்த்துக்கொண்டான். என்னைவிட ரொம்ப இளையவன். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அய்யன் என்றால் அவனுக்கு உயிர். நடையில் மாட்டியிருந்த அய்யனின் படத்தைத் தொட்டுக் கும்பிடாமல் காலையில் மண்வெட்டியை எடுக்க மாட்டான். ஊரில் அய்யனை எடுத்த ஒரே படம் அது. ஒரு கல்யாணத்தில் யாரோ பிடித்தது. அய்யன் அதில் கேமராவைப் பார்க்காமல் பந்தி பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மழை அடியோடு ஏமாற்றியது. தம்பிக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பெண் வீட்டார் வந்து பார்த்தபோது இடுப்பளவு தண்ணீர் இருந்தது. காலையில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்தில் வற்றிவிடும்; ராத்திரி முழுக்கக் கிழக்குப் பக்கத்து ஊற்றிலிருந்து ஊறி மறுபடி அதே இடுப்பளவுக்கு வரும். அதை வைத்துத்தான் வாழையையும் கொஞ்சம் மிளகாயையும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். "ஐப்பசிக்குள்ள ஊத்து பெருகட்டுமுங்க, தேதி வெச்சுக்கலாமுங்க" என்று பெண்ணின் அப்பா மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் மரியாதை அப்படித்தான். கழுத்தை அறுத்தாலும் கூடவே ஒரு 'ங்க' இருக்கும்.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காள் தங்கைக்கு இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்பு மாப்பிள்ளைக்கு இணையாக அவள் நின்று செய்வது. தம்பிக்கு அக்கா நான் ஒருத்திதான். அதற்கென்று புடவை எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்தக் கிணறு ஊற வேண்டும் என்று அவனுக்கு இருந்த தவிப்பு எனக்கும் அதே அளவு இருந்தது.

தம்பி வேட்டு வைத்துக் கிணற்றை ஆழப்படுத்திப் பார்த்தான். அடியில் கரும்பாறைதான் வந்தது. அந்த வாரம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். இவர் படிக்கட்டில் மெதுவாக இருமிக்கொண்டே இறங்கிப் போய்க் கிணற்றைச் சுற்றிப் பார்த்தார். பாறை கருங்கல்தான், ஆனால் அதன் வெடிப்புகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பாறைகளில் இயற்கையாகவே அப்படி இருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலிருந்தும் கொஞ்சம் சுரண்டி எடுத்து வந்தார். திருப்பூரிலிருந்து ஒரு சின்ன சீசாவில் ஆசிட் கொண்டுவந்திருந்தார். ஊருக்கு விருந்தாடப் போகிறவர் எதற்கு ஆசிட் எடுத்துக்கொண்டு வருவார் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. சிலர் வெற்றிலைப் பெட்டி எடுத்துக்கொண்டு போவதில்லையா?

டம்ளர்களில் ஒவ்வொன்றாகப் போட்டு ஆசிட்டை விட்டார். சிலது லேசாகப் பொங்கியது. மேற்குப் பக்கம், அடியோடு ஒட்டியிருந்த அகலமான வெடிப்பிலிருந்து எடுத்தது சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு எழுந்தது. இவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். குஜராத்தைவிட்டு வந்ததற்கு அப்புறம் நான் பார்க்காத முகம். "இதுதான் வாய். இது வழியா விட்டா உள்ள இருக்கற வெடிப்பெல்லாம் திறக்கும். ஒரே சுண்ணாம்பு" என்றார். நுரை அடங்கியதும் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் மணல் தங்கியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தார். "ஆத்து மணல் மாதிரி நைசா இருக்கே. பாறைக்குள்ள எப்படி வந்துது?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். மழைத் தண்ணீர் எந்தக் காலத்திலோ கொண்டுவந்து சேர்த்திருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். டம்ளரைக் கழுவி வைத்தவள் நான்தான். அந்த மணல் கழுவக் கழுவப் போகாமல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தம்பிக்குப் புரிவதற்காக, குஜராத்தில் செய்ததுபோல் இரண்டு கண்ணாடிகளை வைத்து அங்கேயே செய்து காட்டினார். தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து நீலம் இறங்குவதைப் பார்த்தான். "இத்தனயும் தெறந்துக்குமுங்களா மச்சான்?" என்றான். "எல்லாம் தெறக்காது. ஒரு வழி நல்லாத் தெறக்கும். நமக்கு அது போதும்" என்றார்.

அம்மா இந்த நேரமெல்லாம் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து பேச மாட்டார்கள். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் அம்மா இவரிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வதுபோல் சொல்லுவாள். நான் எடுத்துச் சொல்லுவேன். பங்காளிச் சண்டை மாதிரி வீட்டின் ஓட்டை உடைசல்களை மாப்பிள்ளை காதில் போடுவதும் வழக்கமில்லை. அது பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குத் தலைக்குனிவு. நான் அடுப்பங்கரைக்குப் போனதும் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்த மேக்குப் பக்கம் உட்டுப்போட்டு வேற பக்கம் ஊத்துனா ஆகாதாமா?"

போய்க் கேட்டேன். "மத்த வெடிப்பெல்லாம் ரொம்பக் குறுகல். அத்தைகிட்டச் சொல்லு, இதுதான் நல்ல வழி" என்றார். வந்து சொன்னேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

சலவைப் பட்டறையிலிருந்து வைக்கோல் சுற்றிய பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஆசிட் வண்டியேறி வந்தது. தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டார்கள். வெடிப்பின் வாயில் துளை போட்டு ரப்பர் குழாயைச் செருகி, சுற்றிலும் களிமண் அப்பி, எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார் இவர். உள்ளே விஷவாயு தங்கும், அது கலையும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேலிருந்து ஆசிட் இறங்கியது. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கூட்டு, குறை என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பொரியல் தாளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் பிடித்துக்கொண்ட மாதிரி.

மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் இடுப்பளவு நிற்கிற தண்ணீர் நிற்கவில்லை. கிழக்கு ஊற்றிலிருந்து வழக்கம்போல் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. ஒழுகின தண்ணீர் பாறைமேல் ஓடி, மேற்கு வெடிப்பின் வாய்க்குள் நுழைந்து, சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மேற்கே பள்ளத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அய்யனுடைய அண்ணன் மனைவி. பாகம் பிரித்த சண்டையில் இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. நான் சிறுமியாக இருந்தபோது அவர்கள் கிணறு திடீரென்று வற்றிப்போனது. பெரியப்பா எங்கெங்கோ தோண்டிப் பார்த்து, விதி என்று விட்டுவிட்டார். அவர்கள் மகன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்து, பெரியம்மா தனியாகத்தான் அங்கே இருந்தாள். அந்தப் பெரியம்மா எங்கள் வரப்பு ஏறி வந்து, பழைய சண்டையெல்லாம் மறந்தவளாக என் தோளைப் பிடித்தாள்.

"கண்ணு, நம்ம கெணத்துல தண்ணி வந்திருக்குது கண்ணு. நொர நொரயா வருது. உம்பட பெரியய்யன் பாக்காமப் போயிட்டாரே" என்று அழுதாள்.

இவர் அவள் அழுது முடிக்கக் காத்திருக்கவில்லை. "அதைக் குடிக்காதீங்க, மாட்டுக்கும் காட்டாதீங்க" என்று கத்திக்கொண்டே, அந்த நெஞ்சோடு, பள்ளத்தை நோக்கி ஓடினார். லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்துக்கொண்டு அந்தக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, "நம்ம தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா தம்பியையும் என்னையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தாள். "அந்த வெடிப்ப உங்கய்யங் காலத்துலயே அடச்சதுதான் கண்ணு. நம்ம தண்ணி அது வழியாத்தான் அவங்க கெணத்துக்குப் போயிட்டிருந்துது. ஒரு பஞ்சத்துல, இவன் கைக்கொழந்த, சுண்ணாம்பும் ஆத்து மணலும் கருப்பட்டியும் போட்டு அரச்சு அடச்சுப்போட்டுது." எனக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. ஆற்று மணல். மனுசன் கையால் பூசிய காரையை இவர் பூமியின் சுண்ணாம்பு என்று நினைத்துவிட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் நுரைக்கும்.

"ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றேன்.

"மாப்பளகிட்ட இத எப்படிச் சாமி சொல்றது?" என்றாள்.

அப்போதும் ஒன்றும் கைமீறிப் போகவில்லை. இவர் வந்து சொன்னார், சிமெண்டு கொண்டுவந்தால் இரண்டு நாளில் அடைத்துவிடலாம், முன்னைவிடக் கெட்டியாக நிற்கும் என்று. தம்பி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னான்: "வேண்டாமுங்க மச்சான்." ஏன் என்று கேட்டதற்கு, "அவுங்க வாயிலிருந்து புடுங்கி வெச்சிருந்ததுங்க. திரும்பிப் போயிருச்சு. மறுக்காப் போய் நான் எப்படீங்க அடைக்கறது?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். பெரியப்பா செத்துப்போயாயிற்று, அவர் மகன் டவுனில் பிழைத்துக்கொண்டான், நீ யாருக்கு நல்லவனாக இருக்கப் பார்க்கிறாய் என்று கேட்டேன். நியாயம் அவன் பக்கம் இருந்தது. வாழை என் கண்முன்னால் வாடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் நின்றால் நான் அடைக்கத்தான் சொல்வேன். என்னை எழுதுகிறவள் என்று நாலுபேர் மதிக்கிறார்கள் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல முடியாது. தம்பி எழுந்து போய் நடையில் மாட்டியிருந்த அய்யனின் படத்தை, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாழை போயிற்று. மிளகாய் போயிற்று. பெண்ணின் அப்பா வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, மோர் குடித்துவிட்டு, "பொறவு பேசிக்கலாமுங்க" என்று சொல்லிப் போனவர் பிறகு வரவேயில்லை. பெரியப்பா மகன் பனியன் கம்பெனியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினான். தம்பி தோட்டத்தை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்து சேர்ந்தான். தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வண்டியில் வந்தது. படம் வரவில்லை. வேறு எங்கும் வேலை அமையாமல், கடைசியில் இவர் அண்ணனின் சலவைப் பட்டறையிலேயே சேர்ந்தான். ஆசிட் தொட்டியில் துணி முக்குகிற வேலை. கையில் தோல் உரிந்து உரிந்து வளர்ந்தது. என் புடவை பெட்டியிலேயே கிடந்தது. அவன் கல்யாணம் செய்துகொள்ளவேயில்லை.

இவர்தான் ரொம்ப உடைந்துபோனார். ஒவ்வொரு நாளும் அந்தத் தொட்டியில் எவ்வளவு ஆசிட் ஊற்றுவது என்று சொல்ல வேண்டியவர் இவர். அதில் கை விட வேண்டியவன் என் தம்பி. முடிந்தவரை நீர்க்கக் கலக்கச் சொல்லுவார். துணி வெளுப்பு வரவில்லை என்று அண்ணன் சத்தம் போடுவார். தம்பி ஒரு நாளும் இவரைக் குற்றம் சொன்னதில்லை. "மச்சாம் பேர்ல தப்பில்லீங்கக்கா" என்று என்னிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பான். அந்த மரியாதையை இவரால் தாங்க முடியவில்லை. ரெண்டு வார்த்தை திட்டிவிட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த மார்கழியில் இவர் மறுபடியும் கண்ணாடிகளை வெளியே எடுத்தார். இந்தத் தடவை எங்கள் கிணற்றையே செய்தார். ஒரு மூலையில் கிழக்கு ஊற்று, நடுவில் கிணறு, கீழே பள்ளத்தில் பெரியப்பாவின் கிணறு, இரண்டுக்கும் நடுவில் அகலமான வெடிப்பு. அந்த வெடிப்பின் நடுவில் மட்டும் சுண்ணாம்பும் மணலும் அரைத்து அடைத்து வைத்தார். காய்ந்ததும் நீல ஆசிட்டை விட்டார். அது எந்தக் குறுகல் கோட்டையும் பார்க்காமல் நேராகப் போய், அடைப்பைத் தின்று, பள்ளத்துக் கிணற்றை அடைந்தது. அன்றைக்கு நடந்தது அப்படியே கண்ணாடிக்குள் நடந்தது. "பாரு, எனக்குத் தெரிஞ்சிருந்தா இத முன்னாடியே சொல்லியிருப்பேன்" என்றார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதில் அவருக்கு ஆறுதலும் இருந்தது, அழுகையும் இருந்தது. தம்பியிடம் இதைக் காட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அம்மாவும் சாப்பிட வந்தார்கள். அம்மா வழக்கம்போல் சமையலறைக்குள் போய்விட்டாள். இவர் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து நீலத்தை விட்டார். தம்பி உரிந்த கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, ஊரில் பார்த்த அதே பொறுமையோடு பார்த்தான். நீலம் அடைப்பை உடைத்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"இத அம்மாகிட்டக் காட்டிராதீங்க மச்சான். எங்கய்யன் பண்ணுன வேல. அதுக்கு மனசு வருத்தமாப் போகும்."

அம்மா அப்போதே கதவைத் தாண்டி வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக இவருக்கு எதிரில் வந்து நின்றாள். இவர் பதறி எழுந்தார். அம்மா உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, குனிந்து கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கோணுமுங்க மாப்பள. முழங்கை ஆழத்துக்கு. நாந்தானுங்க எறங்கிப் பூசுனது. அவுரு வேண்டாம்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தாருங்க. பொறந்தவனுக்குத் துரோகம் பண்ணாதேன்னாரு. அவுரு சந்தைக்குப் போயிருந்த அன்னைக்கு, இவனத் தொட்டில்ல போட்டுப்போட்டு, நானே எறங்கிப் பூசிட்டனுங்க. வந்து பாத்துட்டு ஒரு வார்த்த பேசல. சாகற வரைக்கும் அந்தக் கெணத்துத் தண்ணிய அவுரு குடிக்கலீங்க. கோயல் கெணத்துல இருந்து மொண்டாந்துதான் குடிச்சாரு."

எனக்குத் தெரியும், அய்யனுக்கு மட்டும் தனிச் சொம்பு. கோயில் தண்ணீர் ருசி என்று சொல்லுவார். நாங்கள் கேலி செய்வோம்.

தம்பி சாப்பிடாமல் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து அய்யனின் படத்தை எடுத்துவரத்தான் போனான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தான். வாசலில் என்னை மட்டும் கூப்பிட்டுத் துண்டைப் பிரித்துக் காட்டினான். சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த அய்யனை முழுக்கக் கறையான் தின்றிருந்தது. பந்தியின் ஓரத்தில் ஒரு வாழையிலை மட்டும் மிச்சம் இருந்தது. என் தம்பி அப்படி அழுது நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். அம்மா கேட்டாள்: "அய்யன் படத்தக் கொண்டாந்தயா கண்ணு?"

"கொண்டாந்தனுங்கம்மா. கண்ணாடி ஒடஞ்சிருந்துது. சட்டம் போடற கடைல குடுத்துப்போட்டு வந்திருக்கறன்."

அம்மா அதற்கப்புறம் சில ஆண்டுகள் இருந்தாள். ஒவ்வொரு தடவை தம்பி வெளியே போய்விட்டு வரும்போதும், கடைக்காரன் படத்தைக் கொடுத்துவிட்டானா என்று கேட்பாள். "வேல ஜாஸ்தியாம்மா, அடுத்த வாரம் தர்றம்னாங்க" என்று தம்பி சொல்லுவான்.